பெரிய வீட்டுக்கு ஓர் ஆண்

கியுலிங், ஸ்பிதி
24 நவம்பர் 2010

லாமா தம்பிக்கு,

அண்ணி பல்சோம் எழுதுகிறேன். முதலில் உங்கள் அப்பா சொல்லச் சொல்ல அப்படியே எழுதுகிறேன். பக்கத்தில் உட்கார்ந்து பேனாவையே பார்த்துக்கொண்டிருக்கிறார். எழுத்து தெரியாதவருக்கு இருக்கிற சந்தேகம் உங்களுக்குத் தெரியுமே.

"அங்டுய், ஒங்க அண்ணனுக்கு நாப்பத்தொன்பது நாள் துக்கமும் முடிஞ்சுபோச்சு. இனி அழுது ஆகப்போறது ஒண்ணுமில்ல. பெரிய வீட்டுக்கு ஒரு ஆம்பளை வேணும். மூத்தவன் போனா எளையவன் மடத்தவிட்டு எறங்கி வந்து அவன் எடத்துல ஒக்காரணும், அவன் பொண்டாட்டியையும் பிள்ளையையும் பாத்துக்கணும். எங்க சித்தப்பா அப்படித்தான் வந்தாரு. பதிமூணு வருசம் படிச்ச மனுசன், வந்து ஏர் புடிச்சாரு. பார்லி வெதைக்கிறதுக்குள்ள நீ வந்து சேரு. வரலைன்னா ரெண்டு வழிதான் இருக்கு. வெளியூர்லருந்து ஒருத்தன வீட்டோட மாப்பிள்ளையா கொண்டாந்து ஒக்கார வைக்கணும். இவ அதுக்குச் சம்மதிக்க மாட்டேங்கிறா. இல்லைன்னா இவ அவங்க அம்மா வீட்டுக்குப் போயிக்கட்டும். கொழந்தை போகாது. சதை அம்மா குடுத்தது, எலும்பு அப்பன் குடுத்தது. எலும்பு இந்த வீட்டுது."

அப்பா மாட்டுக்கு வைக்கோல் போட எழுந்து போய்விட்டார். இனி என் பேச்சு.

அன்று காசா டவுனிலிருந்து அண்ணன் போன செய்தியைப் போனில் சொன்னபோது பாதிதான் சொன்னேன். பின்னால் ஏழு பேர் வரிசையில் நின்றார்கள். மீதியையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

அவர் வண்டியில் கூட்டிப்போன அந்த நாலு விருந்தாளிகளும் எங்கள் வீட்டில்தான் இரண்டு நாள் தங்கியிருந்தார்கள். நல்லவர்கள். நோர்சினுக்கு வண்ணப் பென்சில் கொடுத்தார்கள். சந்திரதால் ஏரியை வெயில் சாய்வதற்குள் படம் பிடிக்க வேண்டும் என்று அவசரம். குன்சும் கணவாயில் கோயிலை ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தானே எந்த வண்டியும் இறங்கும்? அவசரத்தில் உங்கள் அண்ணன் சுற்றாமல் இறங்கிவிட்டார். மூன்று வளைவு தாண்டியதும் மனசு கேட்கவில்லையாம். "தப்பு பண்ணிட்டேன் சார், ஒரே ஒரு சுத்து, ஓடி வந்துர்றேன்" என்று வண்டியைத் திருப்பியிருக்கிறார். திருப்பும்வரை படம் எடுக்கலாம் என்று நாலு பேரும் இறங்கிக்கொண்டார்கள். நிழல் பக்கம், காலைப் பனி இளகாத இடம். வண்டி பின்பக்கமாகப் பள்ளத்தில் போயிற்று.

சுற்றாமலே போயிருந்தால் இருந்திருப்பார். இதை நான் யாரிடமும் சொல்ல முடியாது. உங்களிடம் சொல்கிறேன்.

வாருங்கள் தம்பி. எனக்கு எதுவும் வேண்டாம். பூஜை அறையிலேயே படுத்துக்கொள்ளுங்கள், அங்கேயே படியுங்கள். ஊர்க் கூட்டத்தில் அவருடைய இடத்தில் உட்கார்ந்தால் போதும். நோர்சினுக்கு மூன்று வயதுகூட முழுதாக ஆகவில்லை. தூக்கத்தில் என் காதைப் பிடித்துக்கொண்டால்தான் தூங்குவாள். வேறு யார் காதும் ஆகாது.

பல்சோம்

*

கர்நாடகம்
11 ஜனவரி 2011

அண்ணிக்கு வணக்கம்.

உங்கள் கடிதம், கணவாய் பனியில் மூடியதால் கின்னோர் பக்கம் சுற்றி, முப்பத்தெட்டு நாளில் வந்தது. முத்திரையைக் கணக்குப் போட்டது எங்கள் அறையின் குட்டி லாமாக்கள். "உங்க ஊருலருந்து நடந்தே வந்திருக்கு" என்றார்கள்.

அண்ணன் வண்டியைத் திருப்பினதைப் படித்தபோது அவன் குரலே கேட்டது. எட்டு வயதில் என்னை இங்கே கொண்டுவந்து விட்டது அவன்தான். ஐந்து நாள் பஸ்ஸும் ரயிலும். ரயிலில் நான் வாந்தி எடுத்ததைத் தன் தொப்பியில் பிடித்தான். பிறகு அந்தத் தொப்பியைக் கழுவிப் போட்டுக்கொண்டான். விடைபெறும்போது "நான் நெலத்தப் பாத்துக்கிறேன், நீ நம்ம எல்லாருக்கும் சேத்து மேல இருக்கிறதப் பாத்துக்கோ" என்றான். அந்தப் பங்கீட்டை நான் பதினாறு வருஷமாக நம்பிவிட்டேன்.

அண்ணி, நான் வர முடியாது.

இதை எழுதிவிட்டு ஒரு மணி நேரம் வெளியே போய் உட்கார்ந்திருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் அதே வார்த்தை. இருபது வயதில் என் ஆசான் முன்னால் இருநூற்றுச் சொச்சம் விரதம் ஏற்றேன். இன்னும் நாலு வருஷத்தில் பெரிய தேர்வு. சாக்கு என்று நினைப்பீர்கள். சாக்கும் உண்டு, ஒளிக்கவில்லை. எனக்கு ஏர் பிடிக்கத் தெரியாது. யாக் எருது முறைத்தால் நான்தான் முதலில் ஒதுங்குவேன். ஒரு வீட்டுக்குத் தலைவனாக இருக்க என்னிடம் ஒன்றுமே இல்லை.

ஆனால் ஒரு கேள்வி. அப்பா இரண்டு வழி சொல்லியிருக்கிறார். வீட்டோடு மாப்பிள்ளை வந்தால் நோர்சின் உங்களோடுதானே இருப்பாள்? அதற்கு ஏன் மாட்டேன் என்கிறீர்கள்? இங்கே வாதம் செய்யும்போது எதிராளி எந்தக் கேள்வியைத் தாண்டிப் போகிறானோ அதில்தான் பதில் இருக்கிறது என்பார்கள். நீங்கள் அந்த வழியைத் தாண்டிப் போயிருக்கிறீர்கள். தப்பாக நினைக்காதீர்கள்.

அண்ணனுக்காகத் தினம் விளக்கேற்றுகிறேன்.

அங்டுய்

*

கியுலிங்
2 மார்ச் 2011

லாமா அவர்களுக்கு,

கேள்வி கேட்க உங்களுக்கு நன்றாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நானும் சிம்லாவில் மூன்று வருஷம் கல்லூரியில் படித்தவள்தான். எனக்கும் சில கேள்விகள் உண்டு.

வருஷப் பிறப்புக்குப் பிறகு ஊர்க் கூட்டம் நடந்தது. கோடையில் விருந்தாளிகள் எந்த வீட்டில் தங்குவது என்று முறை வைப்பார்களே, எங்கள் வீட்டைத் தாண்டி வைத்தார்கள். "ஆளில்லாத வீட்டுக்கு மொறை எதுக்கு?" என்று ஊர்த்தலைவர் சொன்னார். அப்பா தலை குனிந்திருந்தார். வெளியே வரும்போது பக்கத்து வீட்டுப் புதித், "ஏன் பல்சோம், ஒம் புருசன் தம்பி தெக்க புத்தராயிட்டாராமே? நீ ஒரு அகல எடுத்துட்டுப் போய் கும்புட்டுட்டு வா" என்றாள். ஆண்கள் எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. அதுதான் கேவலம்.

இன்னொன்று கேளுங்கள். பிப்ரவரியில் நோர்சினுக்கு இருமல். மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்கு நடுவில் குழி விழுந்தது. முதுகில் கட்டிக்கொண்டு முழங்கால் பனியில் காசா ஆஸ்பத்திரிக்கு இறங்கினேன். அப்பா ஊருக்குள் போயிருந்ததால் சொல்லவில்லை. அவர் என்ன நினைத்தார் தெரியுமா? நான் குழந்தையோடு அம்மா வீட்டுக்கு ஓடுகிறேன் என்று. பாதி வழியில் பின்னாலேயே வந்து பிடித்தார். எழுபது வயதில் அப்படி ஓடி வந்திருக்கிறார். "பிள்ளையக் குடு" என்றார். இருமல் என்று காட்டினேன், கேட்டார், நம்பினார். ஆனாலும் ஆஸ்பத்திரிவரை அவர்தான் தூக்கி வந்தார், என்னிடம் தரவில்லை. அன்றிலிருந்து நோர்சின் அவர் அறையில் படுக்கிறாள். என் காதுக்காக அழுகிறாள். சுவருக்கு இந்தப் பக்கம் நான் கேட்டுக்கொண்டு கிடக்கிறேன்.

கோடானுகோடி உயிர்களுக்கும் கருணை வேண்டும் என்று தினம் ஓதுகிறீர்கள். அந்தக் கோடியில் மூன்று வயதுப் பிள்ளை ஒன்று சேராதா? புழுவை மிதிக்காமல் நடக்கிறவர்கள் நீங்கள். எங்களைப் பார்க்காமல் நடந்துவிட்டீர்கள்.

விளக்கேற்ற வேண்டாம். அவருக்கு வெளிச்சம் போதும். எங்களுக்குத்தான் இல்லை.

பதில் வேண்டாம்.

பல்சோம்

*

19 ஏப்ரல் 2011

அண்ணி,

மார்ச் 28, திங்கட்கிழமை, காலை, ஆசானிடம் விரதங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கொடுப்பதற்கு ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. அவர் என் மேல்துணியை மடித்து என்னிடமே கொடுத்து, "குளிருமே உங்க ஊர்ல" என்றார்.

இப்போது டெல்லியில் இருக்கிறேன். கால்சட்டை வாங்கினேன். பையில் கை விட்டால் எடுக்கத் தோன்றவில்லை, எடுத்தால் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. முடி ஒரு விரல் வளர்ந்திருக்கிறது.

உங்கள் கடிதத்துக்காக வரவில்லை. குழந்தையை அப்பா தூக்கி வந்த அந்த ஒரு வரிக்காக வருகிறேன். வந்தபின் நன்றி சொல்ல வேண்டாம். அழவும் வேண்டாம். விதைப்புக்கு முன் வந்துவிடுவேன் என்று அப்பாவிடம் சொல்லுங்கள்.

அங்டுய்

*

கியுலிங்
22 ஆகஸ்ட் 2011

அங்டுய்,

பட்டாணி லாரி டிரைவர் சொல்லித்தான் நீ ஏரிக் கூடாரத்தில் சமையல் செய்கிறாய் என்று தெரிந்தது. அதே டிரைவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நான் என்ன செய்துவிட்டேன்? பம்பாய்க்காரர்கள் ஆசைப்பட்டார்கள். "பின்னால மலை, முன்னால ஒரு லாமா இருந்தா படம் எவ்வளவு நல்லா இருக்கும்!" என்றார்கள். பெட்டியிலிருந்து உன் மடத்து மேல்துணியை எடுத்து நான்தான் நீட்டினேன். "அஞ்சு நிமிசம்தானே அங்டுய், விருந்தாளி கேக்கிறாங்க" என்றேன். நீயும் சிரித்துக்கொண்டுதானே போர்த்திக்கொண்டாய்? நோர்சின்கூட நீ சொல்லிக்கொடுத்த மாதிரி காலைத் தட்டி, கையைத் தட்டி வாதம் செய்து காட்டினாள். எல்லாரும் கைதட்டினார்கள்.

விடிந்து பார்த்தால் உன் படுக்கை மடித்து வைத்திருக்கிறது.

அப்பா என்னோடு பேசுவதில்லை. அறுவடைக்கு நானும் புதித்தின் மகளும்தான். நோர்சின் மொட்டைமாடி ஓரம்வரை போய் உன்னைத் தேடுகிறாள். விழுந்துவிடுவாள் என்று இடுப்பில் கயிறு கட்டியிருக்கிறேன். அக்டோபரில் ஊர்க் கூட்டம். அப்போது நம் வீட்டு இடம் காலியாக இருந்தால் மறுபடி அதே பேச்சு வரும். இந்தத் தடவை அப்பா என்னை விட்டுவைக்க மாட்டார்.

வா.

பல்சோம்

*

சந்திரதால்
6 செப்டம்பர் 2011

அண்ணி,

இன்னும் இப்படித்தான் வருகிறது. நாலு மாதம் ஒரே அடுப்பில் சாப்பிட்டோம், ஊர் நம்மைப் புருஷன் பெண்டாட்டி என்றது. பேனா எடுத்தால் அண்ணி.

உங்கள் மேல் கோபம் இல்லை. இதை முதலில் நம்புங்கள்.

வந்த நாளிலிருந்து நான் சரியாகத்தான் இருந்தேன் இல்லையா? ஏர் பிடித்தேன். யாக்கிடம் உதை வாங்கினேன். புதித் "என்ன லாமா, கெழவி மாட்டுக்குக்கூட மந்திரம் சொல்றியா?" என்று கேட்டதற்கெல்லாம் சிரித்தேன். கூட்டத்தில் அண்ணன் இடத்தில் உட்கார்ந்தேன், முறை நம் வீட்டுக்கு வந்தது. விருந்தாளிகளுக்கு நான் ஒரு வேடிக்கை. முன்னாள் லாமா, இங்கிலீஷ் பேசுகிறான், தியானம் சொல்லிக் கொடுப்பான். அதுவும் பழகிவிட்டது. உடம்பு ஒரு வண்டி மாதிரி, யார் ஓட்டினாலும் ஓடும் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று நீங்கள் அந்தத் துணியை நீட்டினீர்கள். படத்துக்காக என்று எடுத்துத் தோளில் போட்டேன். போட்டதும் தோள் தானாகத் தாழ்ந்தது. மூச்சு தானாக மெதுவானது. கை எங்கே இருக்க வேண்டுமோ அங்கே போய் நின்றது. நாலு மாதமாக அந்தக் கைக்கு இடம் தெரியவில்லை. அந்தப் பம்பாய்ப் பெண் "இன்னும் ஒண்ணு, இன்னும் ஒண்ணு" என்று படம் எடுத்துக்கொண்டே இருந்தாள், நான் உள்ளுக்குள் "இன்னும், இன்னும்" என்றேன். போதும், கழற்று என்றீர்கள். மார்ச்சில் கழற்றியபோது வலிக்கவில்லை. அன்று வலித்தது. நோர்சின் முன்னால் அழுதுவிடுவேனோ என்று பயந்து கொல்லைப் பக்கம் போனேன்.

அதனால்தான் வந்துவிட்டேன்.

இங்கே கூடாரத்தில் நாற்பது பேருக்குச் சோறும் பருப்பும் வேக வைக்கிறேன். விருந்தாளிகள் ஏரியைப் பார்த்து ஒரு நிமிஷம் வாயடைத்துப் போவார்கள், பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பிப்பார்கள். ஏரி ஒரு நாளில் எத்தனையோ நிறம் மாறுகிறது. அண்ணன் இதை நூறு தடவை பார்த்திருப்பான். ஒரு தடவை மட்டும் வந்து சேரவில்லை.

ஆசானுக்கு ஒரு கடிதம் போட்டேன், வெட்கத்தை விட்டு. பதில் வந்தது. என் பழைய வகுப்பில் உட்கார முடியாது, தேர்வு கிடையாது. வேண்டுமென்றால் குட்டி லாமாக்களுக்குப் பின்னால், கடைசி வரிசையில் இடம் இருக்கிறது என்று எழுதியிருக்கிறார். சும்மா உங்களுக்குச் சொல்கிறேன். போகிறேன் என்று அர்த்தமில்லை.

நீங்கள் வா என்றால் வருவேன். அக்டோபர் கூட்டத்துக்குள் வந்து உட்கார்ந்துவிடுகிறேன், எழுந்திருக்க மாட்டேன். ஒரு வரி போதும். நோர்சினின் கயிறு இறுகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அங்டுய்

*

கியுலிங்
9 அக்டோபர் 2011

லாமா தம்பிக்கு,

உங்கள் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிறது. ஒரு வரி போதும் என்றீர்கள். அந்த ஒரு வரியை மூன்று தடவை எழுதினேன். மூன்று தடவையும் "வா" என்றுதான் வந்தது. மூன்றையும் அடுப்பில் போட்டேன்.

வராதீர்கள்.

நீங்கள் முதல் கடிதத்திலேயே என்னைப் பிடித்துவிட்டீர்கள். வீட்டோடு மாப்பிள்ளைக்கு ஏன் மாட்டேன் என்கிறீர்கள் என்று கேட்டீர்கள். நான் கோபப்பட்டுத் தப்பித்துக்கொண்டேன். இப்போது சொல்லிவிடுகிறேன், எழுத வெட்கமாக இருந்தாலும். நோர்சினுக்காக என்று சொன்னேன், அது பொய்யில்லை. ஆனால் அவள் என்னோடு இருக்க வேறு வழி இருந்தது, அப்பாவே சொன்னார். எனக்குத்தான் அந்த வழி வேண்டாம். கல்யாணத்துக்கு நீங்கள் ஒரு வாரம் வந்திருந்தீர்களே, அன்று பார்த்தேன். நீங்கள் சிரிக்கும்போது கண் மூடிவிடும். அவருக்கும் அப்படித்தான். "ஹா" என்று ஒரு சத்தம் முன்னால் வரும், பிறகுதான் சிரிப்பு. அவர் போனபின் அந்தச் சத்தம் இந்த உலகத்தில் இன்னும் ஒரே ஒரு தொண்டையில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அது மறுபடி இந்த அடுப்பங்கரையில் கேட்க வேண்டும். அதற்காக ஒரு மனிதனின் பதினாறு வருஷத்தை இழுத்துப் போட்டேன். குழந்தையை முன்னால் நிறுத்திவிட்டு நான் பின்னால் நின்றுகொண்டேன்.

நாலு மாதத்தில் நீங்கள் அப்படி இரண்டு தடவைதான் சிரித்தீர்கள். ஒன்று நோர்சின் யாக்கைத் திட்டியபோது. இன்னொன்று அந்தத் துணியைப் போர்த்தியபோது. அன்று நான் அதைக் கேட்டேன். கேட்டுவிட்டுத்தான் "போதும், கழற்று" என்றேன். படம் எடுத்து முடித்ததால் சொல்லவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை.

கடிதம் வந்த மறுநாள் அப்பாவிடம் போனேன். "அவரை நான்தான் அனுப்பினேன், தப்பு என்னுது. மாப்பிள்ளை பாருங்க" என்றேன். "இத போன வருசமே சொல்லியிருந்தா எம் மகன் ஒருத்தனாவது முழுசா இருந்திருப்பானே, தாயி" என்றார். என்னை அவர் அப்படிக் கூப்பிட்டது முதல் தடவை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

கீழ் ஊர் பால்டன். நாற்பத்தொரு வயது, மனைவி இறந்து ஆறு வருஷம். பட்டாணி லாரி ஓட்டுகிறார். ஆம், உங்களுக்கும் எனக்கும் கடிதம் கொண்டுவந்து கொடுத்த அதே டிரைவர்தான். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. போன வியாழக்கிழமை ஒரு வெள்ளைத் துண்டு, கொஞ்சம் சாராயம், நாலு பெரியவர்கள். முடிந்தது. மறுநாள் ஊர்க் கூட்டத்தில் அந்த இடத்தில் உட்கார்ந்தார். புதித் எட்டிப் பார்த்து, "இவரு மந்திரம் சொல்ல மாட்டாரே?" என்றாள். "எனக்கு ஹாரன்தான் அடிக்கத் தெரியும்" என்றார் அவர். ஊரே சிரித்தது. நல்ல மனிதர். சத்தமாகச் சிரிக்கிறார். வேறு சிரிப்பு.

நோர்சின் என்னோடுதான் படுக்கிறாள்.

நாளையோ மறுநாளோ பனி விழும் என்கிறார்கள், கூடாரங்களைப் பிரித்துவிடுவார்கள். மணாலிக்கு இறங்கும் கடைசி வண்டியில் ஏறிப் போய்விடுங்கள். நேராகத் தெற்கே. குட்டி லாமாக்களுக்குப் பின்னால் போய் உட்காருங்கள். அவர்கள் கேலி செய்வார்கள், செய்யட்டும். பெட்டியில் இருந்த துணியைத் துவைத்து மடித்து இதோடு வைத்திருக்கிறேன். துவைக்கும்போது ஒரு தடவை முகத்தில் வைத்துக்கொண்டேன். அந்தப் பாவம் என்னுடையது, உங்களைச் சேராது.

எனக்கு எழுத வேண்டாம். எழுதினால் இந்தக் கடிதம் மாதிரி இன்னொன்று என்னால் எழுத முடியாது.

ஒன்று மட்டும் சொல்லாமல் விடக்கூடாது என்று நினைக்கிறேன். பிறகு வேறு யாராவது சொல்லிக் கேட்பீர்கள். நேற்றுக் காலை பால்டன் லாரிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். நோர்சின் வாசலில் நின்று அவரை "அப்பா" என்று கூப்பிட்டாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவர் அவளைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார், திரும்பலாமா என்று கேட்கிற மாதிரி. கையில் வாளி அப்படியே இருந்தது.

நான் தலையசைத்தேன்.

பல்சோம்